உடம்பு இளைத்த பிறகு பழைய துணிகளை விடுவது எப்படி? நீலகிரி வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எடை நிறையக் குறைந்தவர்களுக்குச் சமவெளியில் ஓர் அறிவுரை சொல்வார்கள்: தொளதொளத்துப் போன துணி எல்லாவற்றையும் ஒரே நாளில் மூட்டை கட்டிக் கொடுத்துவிடுங்கள், ஒன்றையும் மிச்சம் வைக்காதீர்கள். ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ அப்படிச் செய்தால் அடுத்த வாரமே குளிரில் நடுங்க வேண்டியிருக்கும். தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு இவ்வளவு காலமும் ஒரு போர்வையாக இருந்தது. அது போன பிறகு, போன வருஷம் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்த அதே திண்ணையில் இந்த வருஷம் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. உடம்பு சிறுத்ததால் அது உண்டாக்கும் சூடும் குறைகிறது. ஆகவே மலையில் இருப்பவர்களுக்கு வரிசை வேறு. இப்போதைய உடம்புக்குக் கதகதப்பு முதலில் உறுதியாக வேண்டும்; பழைய துணி வெளியேறுவது அதற்குப் பிறகு.

குளிர் தாங்கவில்லை என்பதோடு அசதி, தலைசுற்றல், முடி கொட்டுதல் இருந்தால் அதைத் துணிப் பிரச்சினை என்று விட்டுவிடாதீர்கள். எடையைக் குறைக்க இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்கு இரும்புச் சத்தும் பி12-ம் குறைவது அடிக்கடி நடக்கும். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எடை நிற்கும் வரை பொறுங்கள்

எடை இறங்கிக்கொண்டே இருக்கும்போது பீரோவைக் காலி செய்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. 44 போய் 40 வந்ததும் 44-ஐக் கொடுத்து 40-ல் ஆறு சட்டை வாங்குகிறார்கள். நான்கு மாதத்தில் அந்த ஆறும் தொளதொள. இரைப்பை அறுவைக்குப் பிறகு எடையின் பெரும்பகுதி முதல் 12 முதல் 18 மாதத்துக்குள் இறங்கும். அதன்பின் கொஞ்சம் ஏறுவதும் உண்டு. ஊசி மருந்தால் குறைத்தவர்களுக்கு மருந்தை நிறுத்தினால் எடை திரும்புவது சகஜம். நடந்தும் சாப்பாட்டை மாற்றியும் குறைத்தவர்களுக்கு இது இன்னும் நிதானமாகப் போகும்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை, காலையில், அதே டேப்பால் இடுப்பை அளந்து காலண்டரில் குறித்துவையுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் இடுப்பு ஓர் அங்குலத்துக்குள்ளும் எடை இரண்டு கிலோவுக்குள்ளும் நின்றால் பெரிய பிரிப்பைத் தொடங்கலாம். அதுவரை இடைக்காலத் துணி போதும்: நாடா வைத்த பேண்ட்டோ சுடிதார் பேண்ட்டோ இரண்டு, மேலே போட மூன்று, உடம்போடு ஒட்டும் தெர்மல் உள்ளாடை இரண்டு, ஸ்வெட்டர் ஒன்று. நாடா வைத்தது ஏன் என்றால், இடுப்பு ஐந்தாறு அங்குலம் இறங்கினாலும் அதே துணி ஓடும்.

முயற்சி எதுவும் செய்யாமலேயே எடை குறைந்திருந்தால் இந்த வழிகாட்டியை ஒதுக்கி வையுங்கள். 6 முதல் 12 மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்தால் சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்று எதுவாகவும் இருக்கலாம். முதலில் டாக்டர், பிறகு பீரோ.

வெயில் அடிக்கும் மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள்

பிரித்தெடுக்கும் துணியைத் துவைக்க வேண்டும், காய வேண்டும், அதன் பிறகே கொடுக்க முடியும். மேகம் மூடிய மலையில் இதுதான் பெரிய சிக்கல். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. இரண்டுக்கும் நடுவில் தோதானது ஜனவரி பாதி முதல் மார்ச் வரை. ராத்திரி உறைபனி விழுந்தாலும் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்றில் ஈரம் இருக்காது. கனத்த ஸ்வெட்டர்கூட இரண்டு பகலில் காய்ந்துவிடும். ஜூலையில் பிரித்துத் துவைத்து மூட்டை கட்டினால் உள்ளே பூஞ்சை பிடித்து, கொடுக்கிற இடத்தில் மூடியைத் திறக்கும்போதே வாடை அடிக்கும். அப்படிப் போன துணியை வாங்குகிறவர் முகம் சுளிப்பார். அது அவருக்கும் அவமானம், உங்களுக்கும் அவமானம்.

ஒரு நாளுக்கு ஒரு வகை, இரண்டு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். கூட ஒருவர் இருந்தால் நல்லது, ஆனால் யார் என்பதைப் பார்த்துக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு துணியையும் எடுத்து "இதுல எவ்வளவு குண்டா இருந்தே" என்று ஆரம்பிக்கிற அத்தையோ மைத்துனியோ அன்றைக்கு வேண்டாம்.

டேப் எடுங்கள், போட்டுப் பார்க்காதீர்கள்

அறுபது துணியைப் போட்டுக் கழற்றினால் பதினைந்தாவது துணியிலேயே சலிப்பு வந்து, மிச்சத்தை அப்படியே உள்ளே திணித்துவிடுவீர்கள். குளிர் அறையில் உடம்பும் நடுங்கும். அதற்குப் பதிலாக உடம்பை ஒருமுறை அளந்து, துணியைப் படுக்கவைத்து அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

உடம்பில் எடுக்க வேண்டியவை ஆறு: மார்பு, இடுப்பு, புட்டத்தின் அகலமான இடம், தோள் எலும்பிலிருந்து மறு தோள் எலும்பு வரை, மேல்கையின் சுற்று, தொடையின் சுற்று. வழக்கமாகப் போடும் உள்ளாடையோடு, நேராக நின்று, வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். எடை நிறையக் குறைந்தவர்களுக்கு வயிற்றிலும் மேல்கையிலும் தோல் தொங்கும். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளந்தால் வரும் எண் பொய். துணி அந்தத் தோலுக்கும் சேர்த்துத்தான் இடம் கொடுக்க வேண்டும்.

இனி துணி. பொத்தான் போட்டு, தரையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதிலிருந்து உங்கள் மார்பளவைக் கழியுங்கள். சட்டை, குர்த்தி என்றால் மிச்சம் 4 முதல் 6 அங்குலம் இருப்பது சரியான தளர்வு, அப்படியே போடலாம். 7, 8 வந்தால் தையல்காரரிடம் போகலாம். 10-க்கு மேல் என்றால் கொடுப்பதே மேல். இந்தக் கணக்கை மாற்றும் ஒரே விஷயம் தோள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பைத் தாண்டி ஓர் அங்குலத்துக்கு மேல் கீழே இறங்கினால், பக்கத்தில் எவ்வளவு பிடித்தாலும் அந்தச் சட்டை அண்ணனுடையதைப் போட்டது போலவே இருக்கும்.

அளந்ததும் பின்னூசியில் ஒரு காகிதத் துண்டு குத்தி எண்ணை எழுதிவிடுங்கள். பிறகு கொடுக்கும்போதும் அதே எண் உதவும்.

எந்த வரிசையில் எடுப்பது

உள்ளாடையில் தொடங்குங்கள். அதில் மனசு ஒட்டாது, கை பழகும். அளவு தவறிய உள்ளாடை தோல் மடிப்பில் உரசிப் புண்ணாக்கும் என்பதால் அதை மாற்றுவது அவசரமும்கூட. பழையதை யாருக்கும் கொடுக்க வேண்டாம், வெட்டித் துடைக்கும் துணியாக்குங்கள். அடுத்து நைட்டி, லுங்கி, வீட்டுத் துணி. பிறகு வேலைக்குப் போடுவது. அதன்பின் விசேஷத் துணி. குளிருக்கானவை கடைசி.

துணியோடு சேர்த்து இரண்டை மறக்காதீர்கள். பாதமும் கொஞ்சம் சிறுக்கும். ஷூ தளர்ந்தால் ஈரமான இறக்கத்தில் கால் முன்னே வழுக்கும். மோதிரம் இன்னும் ஆபத்து. குளிரில் விரல் சுருங்கும்போது, எடையும் குறைந்திருந்தால், பாத்திரம் கழுவுகிற தண்ணீரோடு மோதிரம் போய்விடும். நகைக்கடையில் சுற்றைக் குறைக்கும் வரை உள்பக்கம் நூல் சுற்றிப் போடுங்கள், அல்லது கழற்றி வையுங்கள்.

குளிர்த் துணிகள்

இந்த ஊரில் இதுதான் முக்கியமான பகுதி, அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

பெரிதான ஸ்வெட்டர் "இன்னும் கதகதப்பாக இருக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உடம்புக்கும் கம்பளிக்கும் நடுவில் இருக்கும் காற்று அசையாமல் நின்றால்தான் சூடு நிற்கும். கழுத்தும் மணிக்கட்டும் கீழ்விளிம்பும் தொங்கினால் நீங்கள் நடக்கும்போது அந்தக் காற்று வெளியேறிக் குளிர்க் காற்று உள்ளே வரும். மார்பளவைவிட 3 முதல் 5 அங்குலம் கூடுதலான ஸ்வெட்டர் உள்ளே போட ஏற்றது. 8 வரை இருந்தால் எல்லாவற்றுக்கும் மேலே போடும் இரண்டாம் அடுக்காக வைத்துக்கொள்ளலாம். அதற்கும் மேல் போனால் அது உங்களுக்குக் குளிர்த் துணியே அல்ல.

ஒரு கட்டாயம் மட்டும் வையுங்கள்: சரியான அளவில் இரண்டு ஸ்வெட்டரும் இரண்டு தெர்மலும் வீட்டுக்கு வரும்வரை பழைய கம்பளித் துணி ஒன்றும் வெளியே போகக் கூடாது. ஏன் இரண்டு என்றால், மழைக்காலத்தில் நனைந்த ஸ்வெட்டர் காய மூன்று நாள்கூட ஆகும். ஒன்றுதான் இருந்தால் அந்த மூன்று நாளும் பழைய 46-க்குள்தான் நுழைய வேண்டியிருக்கும்.

அடுத்து, கையில் இருப்பது என்ன நூல் என்று பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் விற்பதில் நிறைய அக்ரிலிக். உள்பக்கத் தையலிலிருந்து ஒரு சின்ன நூலை இழுத்து, இடுக்கியில் பிடித்து, வாஷ்பேசின் மேல் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியாக உதிர்ந்தால் கம்பளி. உருகி, ஆறியதும் கறுப்பு மணியாகக் கெட்டித்தால் அக்ரிலிக். இதைத் தெரிந்துகொள்வது எதற்கு? கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டுச் சுருக்கிவிடலாம் என்று கேள்விப்பட்டுச் சிலர் செய்துபார்ப்பார்கள். அக்ரிலிக் அப்படிச் சுருங்காது, தொய்ந்து பளபளத்துப் போகும். சுத்தக் கம்பளி சுருங்கும், ஆனால் உங்கள் அளவுக்கு வந்து நிற்காது. நீளம் குறைந்து, கை முழங்கையில் ஏறி, அட்டை போல விறைத்துவிடும். அப்படித் தடித்த கம்பளியை வெட்டி ஷூவுக்கு உள்ளே வைக்கும் அட்டையாகவோ, சுடுதண்ணீர்ப் பைக்கு உறையாகவோ பயன்படுத்தலாம். போடுவதற்கு ஆகாது.

கையால் பின்னிய ஸ்வெட்டருக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது: பிரித்து மறுபடி பின்னுவது. முதலில் பக்கத் தையலின் உள்விளிம்பைப் பாருங்கள். ஓவர்லாக் அடித்து வெட்டியிருந்தால் பிரிக்க வராது, நூல் முழம் முழமாக அறுந்து அறுந்து வரும். விளிம்பு பின்னலாகவே முடிந்திருந்தால் வரும். தைத்த நூலை மட்டும் கத்தரித்து, முன், பின், கை என்று துண்டுகளைத் தனியாக எடுங்கள். பின்னல் முடிந்த முனையிலிருந்து, பெரும்பாலும் கழுத்துப் பக்கமாக இருக்கும், இழுக்கத் தொடங்குங்கள். நாற்காலி முதுகில் சுற்றிக்கொண்டே வந்து, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் தொங்கவிடுங்கள். சுருள் நிமிர்ந்துவிடும். நேரே உருண்டையாகச் சுற்றிப் பின்னினால் சுருள் நூல் புதுப் பின்னலை மேடும் பள்ளமுமாக்கும். பெரிய அளவு ஆண் ஸ்வெட்டர் ஒன்றில் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டரும் ஒரு குரங்குக் குல்லாவும் தாராளமாக வரும். அம்மாவோ பாட்டியோ பின்னித் தந்த ஸ்வெட்டரை யாருக்கோ கொடுக்க மனசு வராதவர்களுக்கு இதைத்தான் சொல்வோம்.

ஜெர்கின்: உள்ளே பஞ்சு அடைத்ததைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லாதீர்கள். ஊசி ஓட்டை வழியாகப் பஞ்சு வெளியே வரும், நீர் ஒட்டாத மேல்துணியில் ஒழுகலும் ஆரம்பிக்கும். கீழ்விளிம்பில் நாடா கோத்து, மணிக்கட்டு எலாஸ்டிக்கை மட்டும் மாற்றினால் இரண்டு சைஸ் பெரியது சமாளிக்கும். மழைக்கோட்டு பெரிதாகவே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே போடுவதுதானே. சால்வை, மப்ளர், கம்பளிப் போர்வை இவற்றுக்கு அளவே கிடையாது. தோடர் எம்பிராய்டரி போட்ட சால்வை உங்களிடம் இருந்தால் அது இந்தப் பிரிப்பில் சேரவே சேராது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. கனமான வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக ஓடும் அந்த ஊசிவேலைக்கு உடம்பின் அளவு ஒரு பொருட்டல்ல.

தையல்காரரிடம் போகும் முன்

பெரும்பாலான ஜாக்கெட் கெட்டுப்போவது ஒரே காரணத்தால்: பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து "இதைவிட ரெண்டு இஞ்ச் கம்மியா தைச்சிடுங்க" என்று சொல்வது. உடம்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறைவதில்லை. மார்புச் சுற்று 5 அங்குலம் குறைந்தவருக்கு மேல்கை ஒன்றரை அங்குலம்தான் குறைந்திருக்கும், தோல் தொங்குவதால். கையையும் அதே கணக்கில் பிடித்தால் கை நுழையாது. மார்பு இறங்கியிருப்பதால் டார்ட் (மார்பு வடிவத்துக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையல்) முனையும் பழைய இடத்தில் சரியாக உட்காராது. ஆகவே முதலில் விலை குறைந்த காட்டன் துணியில், உடம்பில் நேரே அளவெடுத்து ஒரு ஜாக்கெட் தைக்கச் சொல்லுங்கள். பத்து நாள் போட்டுப் பாருங்கள். சரி என்றால் அதுதான் இனி உங்கள் அளவு ஜாக்கெட். பழைய அளவு ஜாக்கெட்டை அன்றைக்கே துணிக்கந்தலில் போடுங்கள். இல்லாவிட்டால் பழக்க தோஷத்தில் அதுவே மறுபடி கடைக்குப் போகும்.

ஜாக்கெட்டில் பக்கத் தையல் வழியாக மொத்தம் 3 அங்குலம் வரை குறைக்கலாம். அதற்கு மேல் என்றால் கழுத்து அகன்று தோளிலிருந்து நழுவும். முழுதும் பிரித்து, தோளையும் கைக்குழியையும் வெட்டித் தைக்க வேண்டும். அந்தக் கூலிக்குப் புது ஜாக்கெட்டே தைத்துவிடலாம். ஆரி வேலை செய்த கல்யாண ஜாக்கெட்டுக்கு மட்டும் பிரித்துத் தைப்பது தகும்.

சுடிதார் டாப்ஸில் தோள் சரியாக இருந்தால் 4, 5 அங்குலம் வரை தாராளம். தோள் கொஞ்சம் இறங்கியிருந்தால் கையைப் பிரித்து, கைக்குழியில் அரை முதல் முக்கால் அங்குலம் வெட்டி மறுபடி இணைக்கச் சொல்லுங்கள். பேண்ட் இடுப்பை நடுப் பின்தையலில் 2, அதிகம் போனால் இரண்டரை அங்குலம். அதைத் தாண்டினால் பின் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று தொட வந்துவிடும், இருக்கைப் பகுதி பையாகத் தொங்கும். பெல்ட்டில் இறுக்கிச் சுருக்கிக் காலம் தள்ளுவதும் சரியில்லை. மடிப்பு இடுப்பில் அழுத்தித் தளர்ந்த தோலைப் புண்ணாக்கும்.

எதைக் குறைத்தாலும் "உள்துணியை வெட்டாதீங்க, பக்கத்துக்கு ஒரு இஞ்ச் விட்டு வையுங்க" என்று சொல்லுங்கள். கொஞ்சம் எடை ஏறினால் தையலைப் பிரித்துவிட்டால் போதும். இந்த ஓர் அங்குலம் தரும் நிம்மதி, பழைய 44 சட்டைகளைப் பத்தாகச் சேர்த்து வைப்பதில் கிடைக்காது.

புடவை, வேட்டி, பட்டு

புடவைக்கு அளவில்லை என்பது முக்கால் உண்மை. ஐந்தரை மீட்டர் அப்படியேதான் இருக்கும். ஆனால் இடுப்பு குறைந்ததால் இரண்டு கொசுவம் அதிகம் வந்து முன்னால் புடைக்கும். கொசுவத்தை அகலமாக எடுங்கள், முந்தானையை ஒரு சாண் நீளமாக விடுங்கள். புடைப்புக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் பாவாடைதான். பெரிய பாவாடையை நாடாவில் சுருக்கிக் கட்டும்போது அத்தனை துணியும் இடுப்பில் குவிகிறது. பாவாடையை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். வேட்டி, முண்டு எல்லாம் அப்படியே ஓடும். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உடுத்தும் வெள்ளையிலும் சட்டையும் ஜாக்கெட்டும்தான் மாற வேண்டியவை.

பட்டைப் பாத்திரக்காரரிடமோ பழைய பட்டு வாங்குகிறவரிடமோ கொடுக்கும் முன் ஜரிகையைச் சோதியுங்கள். உள்ளோரத்தில் ஓர் இழையை ஊசியால் சுரண்டினால், உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் வெள்ளி ஜரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளை நூல் தெரிந்தால் சாதா ஜரிகை. வெள்ளி ஜரிகைப் புடவையை இரண்டு எவர்சில்வர் டப்பாவுக்கு விட்டுவிடாதீர்கள். எடை போட்டு, இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

ஒரே ஒரு பெட்டி

"எடை திரும்பிவிட்டால் என்ன செய்வேன்?" இந்தப் பயம் நியாயமானது, பலருக்கும் எடை ஓரளவு திரும்பவே செய்கிறது. ஆகவே பயத்தை அதட்டாதீர்கள், அதற்கு ஒரு அளவான இடம் கொடுங்கள். பத்துத் துணி கொள்ளும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். அதில் போவது இப்போதைய அளவுக்கு அடுத்த ஒரு சைஸ் மட்டும். ரெடிமேடில் ஒரு சைஸ் என்பது 2 அங்குலம்: இப்போது 38 என்றால் 40 போகலாம், 44-ம் 46-ம் போகக் கூடாது. எடை ஏறினாலும் 40 வழியாகத்தான் ஏறும். 40 இறுகுவதே உங்களுக்கு முன்னறிவிப்பு. 46 கையில் இருந்தால் அந்த அறிவிப்பு வரவே வராது.

கஞ்சி போட்ட துணியைப் பெட்டியில் வைக்காதீர்கள்; ராமபாணப் பூச்சி மாவுச்சத்தைத் தேடித்தான் வரும். கஞ்சி போகத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, ஆறிய பிறகு மடித்து, பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். பெட்டி வெளிச்சுவரை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி, தரையிலிருந்து பலகை மேல் இருக்கட்டும். வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து போடலாம். அந்துருண்டை போட்டால் துணியில் நேரே படாமல் பொட்டலமாகக் கட்டுங்கள். அந்த வாடை ஏறிய துணியைப் பச்சைக் குழந்தைக்குப் போடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம்.

பெட்டி மேல் ஒரு தேதி எழுதுங்கள், இன்றிலிருந்து ஒரு வருஷம். அந்தத் தேதி வரை திறக்கத் தேவைப்படவில்லை என்றால் உள்ளே இருப்பதும் கொடுப்பதில் சேர்ந்துவிடும்.

மனசு ஒட்டிக்கொண்டவை

காசு போட்டு வாங்கியதாயிற்றே என்ற உறுத்தல் ஒரு வகை. அந்தக் காசு வாங்கிய அன்றே போய்விட்டது. பீரோவில் வைத்திருப்பதால் திரும்பாது, மலை ஈரத்தில் துணிதான் மக்கும். விலைச்சீட்டோடு போடாமலே கிடப்பதை முதலில் கொடுங்கள், வாங்குகிறவருக்குப் புதுத் துணியாகப் போய்ச் சேரும்.

இன்னொரு வகை, பழைய உடம்பின் மேல் உள்ள வெட்கம். சிலர் அந்தத் துணிகளைக் கோபத்தோடு வெட்டிப் போடுவார்கள். வேண்டாம். அந்த உடம்புதான் பிள்ளை பெற்றது, மேடு ஏறி வேலைக்குப் போனது, வீட்டைத் தாங்கியது. அது உடுத்திய துணியைத் துவைத்து மடித்து மரியாதையாக அனுப்புங்கள். கண்ணாடி முன் நின்று இன்னும் பெரிய உடம்பையே பார்க்கிறவர்களும் உண்டு. மனசு உடம்பைப் பின்தொடர மாதங்கள் ஆகும். சரியான அளவுத் துணியைத் தினமும் போடுவதே அதற்குக் கைகொடுக்கும்.

"என்ன, இப்படி இளைச்சுட்டே, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்பவர்களுக்காகப் பெரிய துணிக்குள் ஒளிந்துகொள்பவர்கள் நிறையப் பேர். தொளதொளத்த துணிதான் நோயாளி போலக் காட்டும். "நல்லாத்தான் இருக்கேன், டாக்டர் சொல்லித்தான் குறைச்சேன்" என்ற ஒரு வரியைத் தயாராக வைத்துக்கொண்டு, அளவான சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போங்கள்.

முகூர்த்தப் புடவை போன்றவற்றை விட வேண்டியதில்லை. நினைவுக்காக வைக்கும் மற்றதை மூன்றோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் இருந்தால் பழைய காட்டன் புடவை நான்கைந்தை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுப் போர்வையாக்கலாம். மேலும் கீழும் மெல்லிய புடவை, நடுவில் தடித்தது. விரல்கடை இடைவெளியில் தையல் ஓடினால்தான் துவைக்கும்போது உள்அடுக்கு நகராது.

யாருக்கு, எப்படி

ஸ்வெட்டரும் ஜெர்கினும் மலையிலேயே இருக்கட்டும். காட்டன் சட்டையும் அரைக்கையும் மேட்டுப்பாளையம், கோவை போகும்போது எடுத்துப் போகலாம். இதை மாற்றிச் செய்து, சமவெளி இல்லம் ஒன்றுக்கு மூட்டை நிறைய ஸ்வெட்டர் அனுப்பினால் அது மூலையில்தான் கிடக்கும்.

பெரிய முழுக்கைச் சட்டைக்குத் தேயிலைத் தோட்டத்தில் எப்போதும் தேவை உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் புடவைக்கு மேல் சட்டை போட்டுக்கொள்வார்கள். செடி கீறாமலும் வெயில் படாமலும் கையைக் காக்கும், பெரிதாக இருந்தால் உள்ளே ஸ்வெட்டரும் போடலாம். அடர்ந்த நிறமாக, பொத்தான் எல்லாம் இருப்பதாக, அக்குள் கிழியாததாகப் பார்த்துக் கொடுங்கள். முதலில் கேளுங்கள்: "அக்கா, பெரிய சட்டை நாலு இருக்கு, துவைச்சு வச்சிருக்கேன், உங்களுக்கு உதவுமா?" கேட்காமல் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் மூட்டையை வைத்துவிட்டுப் போவது கொடுப்பது ஆகாது. முதியோர் இல்லம், ஆலயம் எதுவானாலும் போன் செய்து, என்ன அளவு, எத்தனை வேண்டும் என்று கேட்ட பிறகே கிளம்புங்கள். குத்திவைத்த காகிதத்தில் "44, ஆண், முழுக்கை" என்று இருந்தால் அங்கே பிரிக்கிறவர்களுக்கு அரை நாள் வேலை மிச்சம்.

நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. மூட்டைக்கு, போட முடியாத பெரிய பாவாடையின் கீழ்விளிம்பை நேராகத் தையல் அடித்து மூடிவிடுங்கள். நாடாவை இழுத்தால் பை. ஒரு பாவாடையில் பத்துச் சட்டை கொள்ளும்.

கறைபட்ட காட்டனை ஓர் அடிச் சதுரமாக வெட்டினால் பிடிதுணிக்கும் துடைக்கவும் ஆகும், ஒர்க்ஷாப்பிலும் வாங்கிக்கொள்வார்கள். பாலியஸ்டர் தண்ணீர் உறிஞ்சாது, துடைக்க உதவாது. எதையும் போகிக்குக் கொளுத்தாதீர்கள். அக்ரிலிக் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயு வரும். மார்கழிக் குளிரில் பள்ளத்தாக்கில் புகை மேலே எழும்பாமல் வீடுகளுக்கு இடையிலேயே படியும். ஓடையிலோ சோலை ஓரத்திலோ வீசினால் மழை அதை அடுத்த ஊர்த் தண்ணீர்க் குழாய் வரை கொண்டுபோகும்.

பையைக் கட்டும் முன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கைவிட்டுப் பாருங்கள், ஜெர்கினின் உள்பாக்கெட்டையும் சேர்த்து. மருந்துச் சீட்டும் வீட்டுச் சாவியும் அங்கேதான் இருக்கும்.